அரசமைப்பைத் திருத்தலாம், தகர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடி இந்திய அரசமைப்புச் சட்டத்தைத் தமிழில் வாசித்து வருகிறோம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஒரு பேருந்து நடத்துநர், கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழுவிலிருந்து நான்கைந்து பேர். நான் வழக்கறிஞர் என்பதால் கேள்விகள் என் பக்கம் வந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசமைப்பைத் திருத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை. எதைத் தொடுகிறார்கள், எந்தச் சூழலில், யாரைக் கேட்டுத் தொடுகிறார்கள் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

அரசமைப்பை மாற்ற வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? இது வெறும் தேர்தல் பேச்சுதானே?

2024 மக்களவைத் தேர்தலில் இது பெரிய பேச்சானது உண்மை. அந்த ஆண்டு மார்ச் மாதம் கர்நாடகத்தைச் சேர்ந்த பாஜக எம்.பி. அனந்தகுமார் ஹெக்டே, அரசமைப்பை மாற்ற 400 இடங்கள் வேண்டும் என்று பேசினார். அது கட்சியின் கருத்து அல்ல என்று அவர் கட்சியே விலகிக்கொண்டது. ஆனால் பேச்சு அங்கே தொடங்கவும் இல்லை, ஒரு கட்சியோடு நிற்கவும் இல்லை. 2022 பிப்ரவரியில் தெலங்கானாவின் அப்போதைய முதல்வர் சந்திரசேகர ராவ் புதிய அரசமைப்பு வேண்டும் என்றார். 2023 ஆகஸ்டில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த விவேக் தேவ்ராய் அதே கருத்தைக் கட்டுரையாக எழுதினார். அதே ஆண்டு ஜனவரியில் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர், அரசமைப்பின் ஆதாரக் கூறுகளை நாடாளுமன்றமும் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டையே கேள்வி கேட்டார். 2025 ஜூனில் ஆர்.எஸ்.எஸ். பொதுச் செயலாளர் தத்தாத்ரேய ஹொசபலே, முகவுரையில் உள்ள 'சோசலிச', 'மதச்சார்பற்ற' ஆகிய சொற்கள் இருக்க வேண்டுமா என்று யோசிக்கச் சொன்னார்.

இப்படிக் கேட்பது குற்றம் இல்லை. ஜனநாயகத்தில் இதையும் பேசலாம். பேசுகிறவர்களுக்கு நாமும் விவரம் தெரிந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அரசமைப்பு என்ன கல்வெட்டா? தொடவே கூடாதா?

தொட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பர் வரை 106 திருத்தங்கள். அமெரிக்கர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக 27 திருத்தங்களோடு காலம் தள்ளுகிறார்கள்.

நம் முதல் திருத்தத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் 'கம்யூனல் ஜி.ஓ.' என்று ஓர் அரசாணை இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்துக் கொடுத்தது அது. சண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அந்த ஜூன் மாதமே 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. இன்று நாடு முழுக்கக் கல்லூரிச் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு இருக்கிறதென்றால் அதற்கு வேர் அந்த உட்பிரிவு.

ஆனால் அதே முதல் திருத்தம் பேச்சுரிமையையும் சுருக்கியது. மெட்ராஸ் அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்ததை உச்ச நீதிமன்றம் 1950ல் செல்லாது என்றது. உடனே 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை, பேச்சுரிமைக்கு வரம்பு வைக்கும் 19(2)ல் எழுதிச் சேர்த்தார்கள். ஒரே திருத்தத்தில் ஒரு கை கொடுத்தது, ஒரு கை பறித்தது. அதனால்தான் 'திருத்தம் நல்லதா கெட்டதா' என்ற கேள்விக்கு மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எப்படித் திருத்துகிறார்கள்?

மூன்று வழி இருக்கிறது. மாநிலத்தின் பெயர், எல்லை போன்றவற்றுக்குச் சாதாரணச் சட்டம் போதும். 'மெட்ராஸ்' 1969 ஜனவரி 14 அன்று 'தமிழ்நாடு' ஆனது அப்படித்தான். பெரும்பாலான மற்ற திருத்தங்கள் 368வது பிரிவின்படி நடக்கின்றன. இரண்டு அவைகளிலும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. மூன்றாவது வழியில், மத்திய, மாநில அரசுகளின் அதிகாரப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், 368வது பிரிவு ஆகியவற்றில் கைவைத்தால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும்.

கணக்காகப் பார்த்தால் புரியும். 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகம் செய்தபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அன்று அது நுழைந்தது. அதே 467 பேரோடு நிறைவேற்றும் வாக்கெடுப்பு நடந்திருந்தால் 312 வேண்டும். 43 குறைகிறது.

மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்தானே?

முடியாது. ஏன் முடியாது என்பது காசர்கோடு அருகே எடநீர் என்ற ஊரில் இருக்கும் மடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970ல் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு அப்படியே வளர்ந்து, நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற கேள்வியாகிவிட்டது. 13 நீதிபதிகள் அமர்ந்தார்கள். 68 நாள் வாதம். மனுதாரருக்காக நானி பல்கிவாலா. 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு, 7க்கு 6.

அந்த ஏழாவது வாக்கு நீதிபதி எச்.ஆர். கன்னாவுடையது. அவர் சொன்னதன் சாரம் இது: நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும், அடிப்படை உரிமைகளையும்கூடத் திருத்தலாம். ஆனால் திருத்தம் என்றால் பழையது அழியாமல் இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓடு மாற்றலாம், திண்ணையை அடைத்து அறை போடலாம். உத்தரத்தையே உருவினால் அதைப் பழுதுபார்ப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டத்தின் ஆட்சி, கூட்டாட்சி, மதச்சார்பின்மை, நீதிமன்றத்தின் சுதந்திரம், முறையான தேர்தல் எல்லாம் உத்தரங்கள், அதாவது 'அடிப்படைக் கட்டமைப்பு', என்று இந்தத் தீர்ப்பும் பின்வந்த தீர்ப்புகளும் வரிசையாகச் சொல்லி வந்திருக்கின்றன.

தீர்ப்பு வந்து ஓரிரு நாளுக்குள், அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, அரசுக்குச் சாதகமாக எழுதிய ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். 1975 நவம்பரில் இந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்ய இன்னொரு 13 பேர் அமர்வு கூடியது. இரண்டே நாளில் அது கலைக்கப்பட்டது. அன்று அந்த அமர்வு நிலைத்து, தீர்ப்பு திரும்பியிருந்தால் நாம் இன்று வேறு நாட்டில் இருந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

1975-77 நெருக்கடி நிலையில் அரசமைப்பு என்ன ஆனது?

இதைத்தான் எல்லாரும் நிதானமாகப் படிக்க வேண்டும். 42வது திருத்தம் 1976ல் வந்தது. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை, எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்றது. மக்களவையின் ஆயுளை ஆறு ஆண்டாக்கியது. கல்வி, வனம், வனவிலங்கு, எடை அளவு, நீதி நிர்வாகம் ஆகிய ஐந்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டது. முகவுரையில் 'சோசலிச', 'மதச்சார்பற்ற' முதலிய சொற்களைச் சேர்த்தது.

அது எப்படிப்பட்ட நாடாளுமன்றம் என்று பாருங்கள். 1971ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் ஐந்தாண்டு 1976 மார்ச்சில் முடிந்துவிட்டது. நெருக்கடியைக் காட்டி ஓராண்டு நீட்டித்துக்கொண்டார்கள். அந்த நீட்டித்த காலத்தில்தான் இந்தத் திருத்தம் நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் திமுக ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டு, சட்டமன்றமே இல்லை. பாதி மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டிய திருத்தம் அது. கல்வியைத் தரலாமா என்று தமிழ்நாட்டைக் கேட்க இங்கே ஓர் அவையே இருக்கவில்லை. செங்கல்பட்டு எம்.பி. சிட்டிபாபு, விசாரணையின்றிச் சிறை வைக்கும் மிசா சட்டத்தில் சென்னை மத்தியச் சிறையில் இருந்தார். அங்கே அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்தார். ஒரு மக்கள் பிரதிநிதி லத்தியடி வாங்கிக் கிடந்த ஆண்டில்தான் அவர் உறுப்பினராக இருந்த அவை அரசமைப்பைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தது. நூலகத்தில் இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு மக்கள் 1977ல் ஆட்சியை மாற்றினார்கள். 43, 44வது திருத்தங்கள் பலவற்றைச் சரி செய்தன. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்க இனி முடியாது, 'ஆயுதக் கிளர்ச்சி' இருக்க வேண்டும். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. 1980ல் மினர்வா மில்ஸ் வழக்கில், எல்லையில்லாத அதிகாரம் என்ற பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கல்வி மட்டும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்பவே இல்லை.

மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் செய்ததை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் ரத்து செய்வது ஜனநாயகமா?

நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற சொல் அரசமைப்பில் எங்கும் இல்லை. பட்டியலும் முடிவாக இல்லை. 2014ல் நாடாளுமன்றமும் மாநிலங்களும் சேர்ந்து கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015ல் 4க்கு 1 என்று ரத்து செய்தபோது, நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம்தான் மறுபடி வந்தது. அது வெளிப்படையான முறை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் நான் கோட்பாட்டின் பக்கம்தான். ஐந்து ஆண்டுக்கு வரும் பெரும்பான்மை, அடுத்த ஐந்து ஆண்டில் தன்னை வீட்டுக்கு அனுப்பும் வழியை அடைத்துவிடக் கூடாது. 1975ல் அதுவே நடந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போதே, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 39வது திருத்தம் கொண்டுவந்தார்கள். அதை ரத்து செய்ய நீதிமன்றத்திடம் இருந்த கருவி இந்தக் கோட்பாடுதான். அப்புறம், நீதிபதிகள் இதை அடிக்கடி எடுப்பதும் இல்லை. 106 திருத்தங்களில் இதனால் முழுதாகவோ பகுதியாகவோ அடிபட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டை 2022ல் 3க்கு 2 என்று ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, எதிர்த்து எழுதிய இருவர் பக்கம்தான் நான்.

'மதச்சார்பற்ற' என்பது 1976ல் நுழைத்த சொல்தானே? எடுத்தால் என்ன?

சொல் 1976ல் வந்தது. அது வந்த விதத்தை மேலே குறை சொல்லியிருக்கிறேன், அதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் பொருள் 1950லேயே இருந்தது. மதத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்ற 15வது பிரிவும், மனசாட்சிச் சுதந்திரம் தரும் 25வது பிரிவும், அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்ற 28வது பிரிவும் அம்பேத்கர் காலத்தவை. 1994ல், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் மதச்சார்பின்மை அடிப்படைக் கட்டமைப்பு என்று சொன்னார்கள். இரண்டு சொற்களையும் நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு சொல்லை எடுப்பதால் மற்றப் பிரிவுகள் மறைந்துவிடாது. ஆனால் அந்தச் சொல்லை எடுக்க விரும்புகிறவர் அடுத்து எந்தப் பிரிவுக்குப் போவார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது?

மூன்று விஷயம் சொல்கிறேன். கல்வி பற்றி ஏற்கெனவே பார்த்தோம்.

இரண்டாவது, தொகுதி மறுவரையறை. மக்களவை இடங்கள் மாநிலங்களுக்கு 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி பிரிக்கப்பட்டவை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்பதற்காக முதலில் 42வது திருத்தமும், பிறகு 84வது திருத்தமும் மறுபங்கீட்டை நிறுத்தி வைத்தன. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை என்று 84வது திருத்தம் கெடு வைத்தது. 1967க்கு முன் நமக்கு 41 இடங்கள் இருந்தன, அப்புறம் 39. வெறும் மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால் நம் பங்கு இன்னும் சுருங்கும். கூட்டாட்சி அடிப்படைக் கட்டமைப்பு என்பது ஏட்டில் இருக்கும் சொல் மட்டும் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது, 69 சதவீத இட ஒதுக்கீடு. 1993ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றி, 1994ல் 76வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் வைக்கப்பட்டது. அங்கே வைத்தால் நீதிமன்றம் தொட முடியாது என்று இருந்த நிலையை, கூடலூர் ஜன்மம் நில வழக்கிலிருந்து கிளம்பிய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றிவிட்டது. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். ஆகவே நாம் கேடயமாகப் பிடிக்கும் கோட்பாடே நம் சட்டத்தையும் கேள்வி கேட்கக் கூடும். சமத்துவமே அடிப்படைக் கட்டமைப்பு, சமூகநீதி அதன் உயிர் என்று வாதாடத் தயாராக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த இடத்தில் மட்டும் கோட்பாடு வேண்டும் என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது.

பெரியார் அரசமைப்பை எரிக்கச் சொன்னாரே? அம்பேத்கரே எரிப்பேன் என்றாரே?

இரண்டும் நடந்தவை. 1957 நவம்பர் 26 அன்று பெரியார் தலைமையில் சாதியைக் காக்கும் பிரிவுகளை எரித்தார்கள். இதைத் தடுப்பதற்கென்றே மெட்ராஸ் சட்டமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனையோடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். தீண்டாமையை ஒழித்த சட்டம் சாதியை ஏன் ஒழிக்கவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில் கோபத்தில் அப்படிச் சொன்னார். 1955ல் விளக்கமும் தந்தார்: தெய்வத்துக்குக் கட்டிய கோயிலில் அசுரன் குடியேறிவிட்டால் இடிக்காமல் என்ன செய்வது என்று.

இருவருமே சமத்துவம் போதவில்லை என்றுதான் கோபப்பட்டார்கள். சமத்துவம் அதிகமாகிவிட்டது என்று அல்ல. இன்று இவர்களை மேற்கோள் காட்டி அரசமைப்பை மாற்றச் சொல்பவர்களிடம், நீங்கள் எந்தப் பக்கமாக மாற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

பழசு ஒத்துவரவில்லை, புதிதாகவே எழுதினால் என்ன?

புதிதாக எழுதுவதற்கு இந்த அரசமைப்பில் வழி இல்லை. 2000 ஜனவரியில், அரசமைப்பை ஆராய ஓர் ஆணையம் வரப்போகிறது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், அரசமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அரசமைப்பைக் கைவிட்டோமா என்று கேட்டார். நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் அமைந்த அந்த ஆணையத்துக்கு, அடிப்படைக் கூறுகளைத் தொடாமல் பரிந்துரை செய்ய வேண்டும் என்றுதான் பணிக்கப்பட்டது.

நாராயணன் கேட்ட கேள்விக்கு மதுரைப் பக்கத்தில் பதில் இருக்கிறது. 73வது திருத்தம் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு தந்தது. என் மனதுக்கு மிக நெருக்கமான திருத்தம் அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஆனதும், 1996இலிருந்து 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த விடவில்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அரசமைப்பில் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது. அதை ஊருக்குள் நடக்க விடாதவர்கள் மனிதர்கள். புதிய புத்தகம் எழுதினால் அவர்கள் மாறிவிடுவார்களா?

அடுத்து ஒரு திருத்த மசோதா வந்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

மசோதாவின் கடைசியில் 'நோக்கங்களும் காரணங்களும்' என்று ஒரு பக்கம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் திருத்தமா என்று பாருங்கள். 97வது திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. மாநிலங்களைக் கேட்காமல் கொண்டுவந்ததால், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய பகுதியை 2021ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு, நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ போனதா, எத்தனை மணி நேரம் விவாதித்தார்கள் என்று பாருங்கள். உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது அவைக் குறிப்பில் இருக்கும். அவர் ஊருக்கு வரும்போது கேளுங்கள்.

படிக்க ஆசைதான், எங்கே தொடங்குவது?

முதல் பிரிவிலிருந்து தொடங்காதீர்கள், சலித்துவிடும். முகவுரை, பிறகு 12 முதல் 35 வரை. நாங்கள் அப்படித்தான் போனோம். 14, 15, 16 மூன்றையும் ஒரு மாலையில் முடித்தோம். 17 வந்தது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்ற அந்தப் பிரிவு இரண்டே வாக்கியம். பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று தொடங்கும் மூன்று வரிகளைச் சிறுவயதில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மகளிர் குழுவிலிருந்து வரும் ஓர் அக்கா, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தான் வகுப்பில் தனியாக உட்கார்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். நடத்துநர் அண்ணன் டீக்கடையில் தனிக் குவளை இருந்த ஊர்களைப் பேருந்து நிறுத்தம் வாரியாகச் சொன்னார். நூலகர் விளக்கை அணைக்க வந்தபோதும் முடியவில்லை. அடுத்த ஞாயிறும் 17தான். அதற்கு அடுத்த வாரம் 18க்குப் போனோம். பட்டங்களை ஒழிப்பது பற்றியது அது. பத்து நிமிடத்தில் முடிந்தது.